எழுதினேன், ஆனால் பதியவில்லை: எஸ்க்யூலைட்டில் தரவு எழுதும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிரலிலிருந்து எஸ்க்யூலைட் (SQLite) தரவுத்தளத்தில் தரவு எழுதுகிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் சிக்கல்களைச் சில ஆண்டுகளாக ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். மொழி மாறுகிறது, செயலி மாறுகிறது, கேள்வி மட்டும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பைதானை ஒட்டியவை, கேட்டவர்களில் பலர் அதில் எழுதுகிறவர்கள் என்பதால். காரணங்கள் எந்த மொழிக்கும் பொருந்தும்.

படிக்கும்போது மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எந்தக் கோப்பில் எழுதுகிறீர்கள், டிரான்சாக்‌ஷன் (முழுவதும் பதிய வேண்டிய, இல்லையேல் முழுவதும் ரத்தாக வேண்டிய மாற்றங்களின் தொகுதி) எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது. என்னிடம் வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்று தெரியாமல் போனதால் வந்தவை.

1. எஸ்க்யூலைட்டுக்கு சர்வரே கிடையாதுன்னு சொல்றாங்க. அப்போ நான் இன்சர்ட் போட்டா அதை எழுதுறது யாரு?

உங்கள் நிரலேதான். எஸ்க்யூலைட் தனியாக ஓடும் மென்பொருள் அல்ல. உங்கள் நிரலுக்குள்ளேயே சேர்ந்து ஓடும் நூலகம். ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டில் முதலில் வெளியிட்ட இதன் அமைப்பு இதுதான்: தரவுத்தளம் என்பது வட்டில் இருக்கும் ஒரு சாதாரணக் கோப்பு, அதைத் திறந்து படிப்பதும் எழுதுவதும் உங்கள் நிரல்.

அதனால் உங்கள் நிரலுக்கு என்ன அனுமதி உண்டோ அதுதான் எஸ்க்யூலைட்டுக்கும். உங்கள் நிரல் எந்தக் கோப்புறையில் நின்று ஓடுகிறதோ அங்கிருந்துதான் அதுவும் கோப்பைத் தேடும். இரண்டு நிரல்கள் ஒரே கோப்பைத் திறந்தால் நடுவில் நின்று வரிசைப்படுத்த ஆள் இல்லை. இயக்குதளம் தரும் கோப்புப் பூட்டுகள் மட்டுமே இருக்கின்றன. கீழே வரும் பல பதில்களின் வேர் இங்கேதான்.

2. இன்சர்ட் ஓடுது, எர்ரர் எதுவும் வரல. ஆனா டேபிளைத் திறந்து பார்த்தா ஒண்ணுமே இல்ல. ஏன்?

நீங்கள் கமிட் செய்யவில்லை, அதாவது எழுதியதை நிரந்தரமாகப் பதியச் சொல்லவில்லை. இன்சர்ட், அப்டேட், டெலீட் இவற்றில் ஒன்று வரும்போது பைதானின் எஸ்க்யூலைட் தொகுதி உங்களைக் கேட்காமலே ஒரு டிரான்சாக்‌ஷனைத் தொடங்கிவிடும். அதை முடிப்பது உங்கள் பொறுப்பு. கமிட் இல்லாமல் கனெக்‌ஷனை மூடினால் எழுதியதெல்லாம் சத்தமில்லாமல் ரத்தாகும். எர்ரர் வராததற்குக் காரணம், நூலகத்தின் பார்வையில் தவறு எதுவும் நடக்கவில்லை: நீங்கள் எழுதினீர்கள், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டீர்கள்.

கனெக்‌ஷனை 'வித்' கட்டத்துக்குள் வைத்து எழுதுவது நல்ல பழக்கம். கட்டம் நல்லபடியாக முடிந்தால் கமிட், நடுவில் விதிவிலக்கு எழுந்தால் ரோல்பேக், அதாவது எழுதியது ரத்து. ஆனால் அந்தக் கட்டம் கனெக்‌ஷனை மூடாது, அதைத் தனியாக மூட வேண்டும். பைதான் 3.12இல் 'ஆட்டோகமிட்' என்ற அமைப்பு வந்திருக்கிறது. புதிதாக எழுதுகிறவர்கள் அதை ட்ரூ என்றோ ஃபால்ஸ் என்றோ வெளிப்படையாகக் குறிப்பிடுவது நல்லது. பழைய இயல்பு நடத்தையை ஊகித்து எழுதிய நிரல்களைத்தான் நான் அதிகம் பழுதுபார்த்திருக்கிறேன்.

3. கமிட்டும் போட்டேன். நிரலுக்குள்ள செலக்ட் பண்ணா வருது, வேற டூல்ல திறந்தா வரல. சில நேரம் 'நோ சச் டேபிள்'னு சொல்லுது.

நீங்கள் இரண்டு வெவ்வேறு கோப்புகளைப் பார்க்கிறீர்கள். வெறும் கோப்புப் பெயரை மட்டும் கொடுத்தால், நிரல் எந்தக் கோப்புறையிலிருந்து தொடங்கப்பட்டதோ அங்கே எஸ்க்யூலைட் தேடும். இல்லாவிட்டால் புதிதாக ஒரு காலிக் கோப்பை உருவாக்கிவிடும். அதே நிரலை எடிட்டரிலிருந்து ஓட்டும்போது ஒரு கோப்பு, பின்னணிச் சேவையாக ஓட்டும்போது இன்னொரு கோப்பு. 'பிரக்மா டேட்டாபேஸ்_லிஸ்ட்' (பிரக்மா என்பது எஸ்க்யூலைட்டின் அமைப்புகளைக் கேட்கவும் மாற்றவும் உதவும் கட்டளை) என்று நிரலுக்குள்ளிருந்தே கேட்டால், திறந்திருக்கும் கோப்பின் முழுப் பாதையைச் சொல்லும். ஊகிப்பதை விட்டு முதலில் அதைச் செய்யுங்கள். பிறகு பாதையை எப்போதும் முழுமையாகக் கொடுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. 'மெமரி' தரவுத்தளத்தைத் திறக்கும் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனித்தனி தரவுத்தளம் கிடைக்கும். ஒன்றில் உருவாக்கிய டேபிள் மற்றதில் இருக்காது. சோதனைகளில் இது பலரைக் குழப்பியிருக்கிறது. இன்னொன்று, கைபேசியிலிருந்தோ சர்வரிலிருந்தோ முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்துப் பார்ப்பது. வால் (WAL, மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும்) முறையில் அண்மையில் எழுதியவை பக்கத்திலிருக்கும் வேறொரு கோப்பில் இருக்கும் (10ஆம் கேள்வியைப் பாருங்கள்).

4. கோப்புக்கு எழுதும் அனுமதி கொடுத்துட்டேன். அப்படியும் 'ரீட்ஒன்லி டேட்டாபேஸ்', 'அனேபிள் டு ஓப்பன் டேட்டாபேஸ் ஃபைல்'னு வருது.

கோப்புக்கு அனுமதி இருந்தால் போதாது, அது இருக்கும் கோப்புறைக்கும் எழுதும் அனுமதி வேண்டும். எழுதும்போது எஸ்க்யூலைட் அதே கோப்புறையில் ஜர்னல் என்ற துணைக் கோப்பை உருவாக்கும். நடுவில் நிரல் செத்தால் பழைய நிலைக்குத் திரும்ப அதுதான் ஆதாரம். கன்டெய்னருக்குள் ஒற்றைக் கோப்பை மட்டும் மவுன்ட் செய்வதும் இதே வகைத் தவறுதான். கோப்புறையையே மவுன்ட் செய்யுங்கள்.

5. ஒரே ஒரு பெயரைத்தான் கொடுக்குறேன். 'ஒண்ணு வேணும், நாலு கொடுத்திருக்கீங்க'ங்கிற மாதிரி எர்ரர் வருது. எங்கே நாலு?

'மலர்' என்று கொடுத்திருப்பீர்கள். மதிப்புகளை ஒரு பட்டியலாகவோ டியூப்பிளாகவோ கொடுக்க வேண்டும். பெயரைச் சுற்றி வெறும் அடைப்புக்குறி போட்டால் பைதானில் அது டியூப்பிள் ஆகாது, சரமாகவே இருக்கும். சரத்தின் ஒவ்வொரு குறியும் ஒரு மதிப்பாக எண்ணப்படும். நம் கண்ணுக்கு 'மலர்' மூன்றெழுத்து. யூனிகோடுக்கு ம, ல, ர, புள்ளி என்று நான்கு. பெயருக்குப் பின் ஒரு காற்புள்ளி போட்டால் ஓரங்க டியூப்பிள் ஆகிவிடும், எர்ரர் போய்விடும்.

6. பெயர்ல ஒற்றை மேற்கோள்குறி வந்தா மட்டும் இன்சர்ட் உடையுது. அதை எப்படி மாத்தி எழுதணும்?

மாற்றி எழுத வேண்டாம். மதிப்பை எஸ்க்யூஎல் வாக்கியத்துக்குள் ஒட்டவைப்பதையே நிறுத்துங்கள். மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்டு, மதிப்பைத் தனியாகக் கொடுங்கள். இன்று மேற்கோள்குறியில் உடைவது, நாளை யாரோ வேண்டுமென்றே எழுதி அனுப்பும் எஸ்க்யூஎல் துண்டில் மொத்த டேபிளையும் இழப்பதில் முடியலாம். கேள்விக்குறி மதிப்புகளுக்கு மட்டும்தான். டேபிள் பெயர், நெடுவரிசைப் பெயர் ஆகியவற்றை அப்படிக் கொடுக்க முடியாது. அவை மாற வேண்டுமானால் நிரலில் நீங்களே வைத்திருக்கும் பட்டியலிலிருந்து மட்டும் எடுங்கள்.

ஒரே வாக்கியத்தில் எத்தனை கேள்விக்குறி போடலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. 3.32.0 பதிப்புக்கு முன் இயல்பான வரம்பு 999, அதன்பின் 32766. என் கணினியில் ஓடுகிறது, வேறொரு கணினியில் ஓடவில்லை என்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

7. ஆயிரம் வரிசை எழுத நிமிஷக்கணக்கா ஆகுது. எஸ்க்யூலைட்டே மெதுவா?

மெதுவல்ல. ஒவ்வொரு வரிசைக்கும் தனியாகக் கமிட் செய்கிறீர்கள். கமிட் என்றால் 'வட்டில் உண்மையிலேயே பதிந்துவிட்டது' என்ற உறுதி வரும்வரை எஸ்க்யூலைட் காத்திருக்கும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் வட்டில் ஒரு டிரான்சாக்‌ஷனுக்கு ஏறக்குறைய இரண்டு சுற்று ஆகும். ஆகவே வினாடிக்கு 60 கமிட் என்பதே உச்சம். அதே கணினியில் எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்தால் வினாடிக்கு 50,000 இன்சர்ட் எளிது என்று எஸ்க்யூலைட்டின் ஆவணமே சொல்கிறது. எஸ்எஸ்டியில் எண்கள் கூடும், விகிதத்தில் உள்ள பாடம் மாறாது.

நிரலின் லூப்புக்குள் இருக்கும் கமிட்டை வெளியே எடுங்கள், அல்லது 'எக்ஸிக்யூட்மெனி' பயன்படுத்துங்கள். கோடிக்கணக்கான வரிசைகள் என்றால் சில ஆயிரங்களுக்கு ஒரு கமிட் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வேகத்துக்காக, வட்டில் பதியும்வரை காத்திருக்கச் சொல்லும் 'சிங்க்ரனஸ்' அமைப்பை அணைக்கச் சொல்லும் அறிவுரையைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். 15ஆம் பதிலைப் படிக்காமல் அதைச் செய்யாதீர்கள்.

8. 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு'. தினமும் இதே தொல்லை. என்னதான் பண்றது?

என் நோட்டில் மிக அதிகமான பக்கங்கள் இதற்குத்தான். எஸ்க்யூலைட்டில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம், எழுதுகிறவர் ஒருவர் மட்டுமே. டேபிளுக்கு ஒருவர் அல்ல, வரிசைக்கு ஒருவர் அல்ல, முழுக் கோப்புக்கும் ஒருவர். இரண்டாமவர் வந்தால் 5ஆம் எண் பிழையான 'பிஸி' திரும்பும். அதன் வாசகம்தான் நீங்கள் பார்ப்பது. இது பழுது அல்ல, 'இப்போது இன்னொருவர் எழுதுகிறார்' என்ற தகவல்.

முதலில் காத்திருக்கச் சொல்லுங்கள். 'பிஸி_டைம்அவுட்' இயல்பாக 0, அதாவது ஒரு கணமும் காத்திருக்காது. பைதான் தொகுதி அதை 5 வினாடியாக வைக்கிறது. மற்ற மொழிகளில் நீங்களே வைக்க வேண்டியிருக்கலாம். இது கனெக்‌ஷனுக்குக் கனெக்‌ஷன் வைக்க வேண்டியது, கோப்பில் சேமிக்கப்படுவதில்லை. காத்திருப்பது வரிசையில் நிற்பதும் அல்ல: சற்று உறங்கி எழுந்து மறுபடி கதவைத் தட்டுவதுதான். முதலில் வந்தவருக்கு முதலில் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

அதற்கும் அடங்கவில்லை என்றால் யாரோ பூட்டை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கிறார்கள். நான் கண்ட ஆட்கள் இவர்கள்: டிரான்சாக்‌ஷனைத் தொடங்கிவிட்டு இணையத்தில் எதையோ கேட்டுக் காத்திருக்கும் நிரல், விதிவிலக்கில் சிக்கி ரோல்பேக் செய்யாமல் விட்ட கனெக்‌ஷன், பாதி படித்து நிறுத்திய செலக்ட் கர்சர் (விடை வரிசைகளை ஒவ்வொன்றாகத் தரும் கைப்பிடி), தரவைப் பார்க்கும் வரைகலைக் கருவியில் ஒரு கட்டத்தைத் திருத்திவிட்டுச் சேமிக்காமல் எழுந்துபோனவர். கடைசியாகச் சொன்னதுதான் எத்தனையோ மதியங்களைத் தின்றிருக்கிறது. லினக்ஸில் 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளைக்குக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் யார் யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியும்.

ஒன்று மட்டும் செய்யவே கூடாது. பூட்டைத் திறப்பதாக நினைத்துப் பக்கத்திலிருக்கும் ஜர்னல் கோப்பையோ வால் கோப்பையோ அழிக்காதீர்கள். பூட்டு அந்தக் கோப்புகளில் இல்லை. உங்கள் தரவுதான் அவற்றில் இருக்கிறது.

9. டைம்அவுட் 30 வினாடி வச்சிருக்கேன். ஆனா ஒரு வினாடிகூட காத்திருக்காம உடனே லாக்டுன்னு வருது. டைம்அவுட் வேலையே செய்யலையா?

வேலை செய்கிறது. ஆனால் உங்கள் நிலைமையில் காத்திருந்து பயனில்லை என்று எஸ்க்யூலைட் முடிவு செய்துவிட்டது. வெறும் 'பிகின்' போட்டால் பூட்டு எதுவும் எடுக்கப்படாது. முதலில் செலக்ட் வந்தால் நீங்கள் படிப்பவர். பிறகு அதே டிரான்சாக்‌ஷனில் அப்டேட் வந்தால் எழுதுபவராக உயர முயல்கிறீர்கள். அந்த இடைவெளியில் இன்னொருவர் எழுதி முடித்துவிட்டார் என்றால், நீங்கள் படித்தது பழைய நிலை. அதன்மேல் எழுத விட்டால் அவர் எழுதியதை அறியாமலே மிதித்துவிடுவீர்கள். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் நீங்கள் படித்தது புதிதாகப் போவதில்லை. எனவே உடனே மறுத்துவிடும். வால் முறையில் இதற்கு 517 என்ற தனி விரிவுக் குறியீடே இருக்கிறது. பழைய ஜர்னல் முறையில் படித்துக்கொண்டிருக்கும் இருவர் ஒரே நேரத்தில் உயர முயன்றாலும் இதே கதிதான்: ஒருவருக்காக ஒருவர் என்றென்றும் காத்திருப்பதைத் தவிர்க்க, ஒருவரைத் திருப்பி அனுப்பும்.

தீர்வு: எழுதப்போகிறோம் என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே 'பிகின் இமீடியட்' போடுங்கள். எழுதும் பூட்டு அங்கேயே கிடைக்கும், அல்லது கிடைக்கும்வரை டைம்அவுட் ஒழுங்காகக் காத்திருக்கும். பைதானின் வலைச் சட்டகமான ஜாங்கோவில் 5.1 பதிப்பு முதல் எஸ்க்யூலைட்டுக்கு 'டிரான்சாக்‌ஷன்_மோட்' என்ற அமைப்பு உண்டு, அதில் இமீடியட் என்று கொடுக்கலாம். அப்படியும் மறுப்பு வந்தால், தோற்ற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்ப ஓட்டாதீர்கள். ரோல்பேக் செய்து, படிப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இந்த ஒரு பதிலுக்காகத்தான் இத்தொகுப்பையே எழுத வேண்டும் என்று தோன்றியது. டைம்அவுட்டை 30, 60, 120 என்று ஏற்றிக்கொண்டே போய் மனம் சோர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

10. வால் முறைக்கு மாத்தினா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்களே?

பாதி சரியாகும். 2010இல் 3.7.0 பதிப்பில் வந்த முறை இது. பழைய முறையில், மாற்றத்துக்கு முந்தைய பக்கங்கள் ஜர்னலில் காப்பாற்றப்பட்டு, முதன்மைக் கோப்பு நேரடியாகத் திருத்தப்படும். வால் முறையில் தலைகீழ்: முதன்மைக் கோப்பைத் தொடாமல், புதிய பக்கங்கள் பக்கத்திலுள்ள வால் கோப்பின் கடைசியில் சேர்க்கப்படும். அதனால் படிப்பவர் எழுதுபவரைத் தடுக்கமாட்டார், எழுதுபவரும் படிப்பவரைத் தடுக்கமாட்டார். ஆனால் எழுதுபவர் அப்போதும் ஒருவரே. இரண்டு எழுத்தாளர்களுக்கு நடுவே உள்ள சண்டை தீராது, 9ஆம் கேள்வியில் சொன்னது இங்கும் அப்படியே நடக்கும்.

ஒருமுறை மாற்றினால் கோப்பிலேயே பதிந்துவிடும், ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டாம். எல்லா நிரல்களும் ஒரே கணினியில் ஓட வேண்டும். நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு இயங்கும் முறை என்பதால் நெட்வொர்க் கோப்புறையில் வேலை செய்யாது. ஒரே கணினியில் ஓடும் வலைச் செயலி என்றால் நான் தயங்காமல் வால் முறையையே பரிந்துரைப்பேன்.

11. வால் கோப்பு முதன்மைக் கோப்பைவிடப் பெருசா வளர்ந்துட்டு போகுது.

சேர்ந்த பக்கங்கள் 1000ஐத் தொட்டதும் அவற்றை முதன்மைக் கோப்புக்கு மாற்றும் வேலை, அதாவது செக்பாயின்ட், தானாக நடக்கும். ஆனால் யாராவது பழைய நிலையைப் படித்துக்கொண்டே இருந்தால் அந்த வேலையை முடித்து வால் கோப்பின் தொடக்கத்துக்குத் திரும்ப முடியாது, கோப்பு வளர்ந்துகொண்டே போகும். மூடாத கர்சரைத் தேடுங்கள், 8ஆம் பதிலில் சொன்ன அதே ஆட்கள்தான். அவரை வெளியேற்றியபின் 'வால்_செக்பாயின்ட்' பிரக்மாவை 'ட்ரன்கேட்' என்று ஓட்டினால் கோப்பு சுருங்கும்.

12. ஒரே கனெக்‌ஷனை எல்லா த்ரெட்டும் பகிர்ந்துக்கலாமா? பைதான் தடுக்குது, ஆனா அந்தச் சோதனையை அணைச்சா ஓடுது.

ஓடும். நூலகம் உள்ளுக்குள் பூட்டு வைத்து ஒன்றன்பின் ஒன்றாக விடுவதால் நிரல் விழுந்துவிடாது. ஆனால் டிரான்சாக்‌ஷன் என்பது கனெக்‌ஷனுக்கு உரியது, த்ரெட்டுக்கு (நிரலுக்குள் இணையாக ஓடும் ஓட்டத்துக்கு) உரியதல்ல. ஒரு த்ரெட் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று கமிட் செய்தால் அந்தப் பாதியும் பதிந்துவிடும். ஒன்று ரோல்பேக் செய்தால் மற்றது எழுதியதும் போய்விடும். எர்ரரே வராமல் தரவு காணாமல் போவதில் இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான வகையை நான் பார்த்ததில்லை. த்ரெட்டுக்கு ஒரு கனெக்‌ஷன் வையுங்கள். எழுதுவது அதிகம் என்றால், எழுதும் வேலை முழுவதையும் ஒரே த்ரெட்டிடம் ஒப்படைத்து மற்றவை அதற்கு வரிசையில் அனுப்பட்டும்.

ஃபோர்க் செய்யும் (செயல்முறை தன்னையே நகலெடுத்துச் சேயை உருவாக்கும்) வொர்க்கர்கள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தாய்ச் செயல்முறையில் திறந்த கனெக்‌ஷனைச் சேய்க்குள் கொண்டுபோகக் கூடாது. ஃபோர்க் ஆனபின் ஒவ்வொன்றும் தானே திறக்க வேண்டும். மீறினால் கோப்பே கெடலாம்.

13. 00451னு எழுதுறேன், 451னு பதியுது. நெடுவரிசையை ஸ்ட்ரிங்னுதானே கொடுத்தேன்?

அங்கேதான் தவறு. எஸ்க்யூலைட் வகைப் பெயரை முழுச்சொல்லாகப் பார்ப்பதில்லை, அதற்குள் இருக்கும் துண்டுகளைத் தேடுகிறது. 'இன்ட்' என்ற துண்டு இருந்தால் முழு எண். 'கேர்', 'க்ளாப்', 'டெக்ஸ்ட்' இருந்தால் உரை. 'ஸ்ட்ரிங்' எந்தப் பட்டியலிலும் இல்லாததால் எண் சார்ந்த வகைக்குப் போய்விடுகிறது. எண் போலத் தெரியும் உரை எண்ணாக மாறி, முன்னுள்ள சுழியங்கள் உதிர்ந்துவிடும். உதிர்ந்ததைத் திரும்பப் பெற வழியில்லை. தொலைபேசி எண், அடையாள எண் போன்றவற்றுக்கு 'டெக்ஸ்ட்' என்றே கொடுங்கள்.

நேர்மாறான ஆபத்தும் உண்டு: முழு எண் நெடுவரிசையில் 'தெரியாது' என்று எழுதினால் மறுக்காமல் ஏற்கும். 'வார்கேர் 10' என்று நீளம் கொடுத்தாலும் அதைக் கண்டுகொள்ளாது. 2021இல் 3.37.0 பதிப்பில் வந்த 'ஸ்ட்ரிக்ட்' டேபிள்கள் வகையைக் கண்டிப்பாகப் பார்க்கும், 'ஸ்ட்ரிங்' போன்ற அறியாத வகைப் பெயரையும் டேபிள் உருவாக்கும்போதே மறுத்துவிடும். புதிதாகத் தொடங்கும் வேலையில் அதையே பயன்படுத்துங்கள்.

14. 'இன்சர்ட் ஆர் ரிப்ளேஸ்' போட்டு ஒரு வாடிக்கையாளரோட முகவரியை மாத்தினேன். அவரோட ஆர்டர் எல்லாம் காணோம்!

ரிப்ளேஸ் என்பது திருத்துவதல்ல. மோதும் பழைய வரிசையை அழித்துவிட்டுப் புதியதைச் சேர்ப்பது. ஒரு டேபிளின் வரிசையை இன்னொரு டேபிளின் வரிசையோடு இணைக்கும் அயல்சாவியில் 'ஆன் டெலீட் கேஸ்கேட்' போட்டிருந்தால், அந்த அழிப்பு ஆர்டர்களையும் இழுத்துக்கொண்டு போகும். நீங்கள் குறிப்பிடாத நெடுவரிசைகளும் இயல்பு மதிப்புக்குத் திரும்பிவிடும். உங்களுக்கு வேண்டியது 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட்'. 2018இல் 3.24.0 பதிப்பில் வந்தது. பழைய வரிசையை வைத்துக்கொண்டே, சொன்ன நெடுவரிசையை மட்டும் மாற்றும்.

அயல்சாவி பற்றி இன்னொன்று. அது இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் 'ஃபாரின்_கீஸ்' பிரக்மாவை இயக்க வேண்டும், அதுவும் டிரான்சாக்‌ஷன் தொடங்கும் முன். நடுவில் சொன்னால் எர்ரர் இல்லாமல் புறக்கணிக்கும். இல்லாத வாடிக்கையாளருக்கு ஆர்டர் பதிந்து கிடப்பதைப் பார்த்தால் காரணம் இதுதான். ஏற்கெனவே பதிந்த அநாதை வரிசைகளை 'ஃபாரின்_கீ_செக்' காட்டும்.

15. மின்சாரம் போயிட்டா கமிட் பண்ணது இருக்குமா?

பழைய ஜர்னல் முறையில் 'சிங்க்ரனஸ்' இயல்பான 'ஃபுல்' நிலையில் இருந்து, வட்டு பொய் சொல்லாதவரை இருக்கும். வால் முறையில் பலர் 'நார்மல்' என்று வைப்பார்கள். அதில் மின்சாரம் போனால் கடைசியாகச் செய்த சில கமிட்டுகள் திரும்பிப் போகலாம், ஆனால் கோப்பு கெடாது. பெரும்பாலான செயலிகளுக்கு அது ஏற்கத்தக்கது. பணக் கணக்கு என்றால் நான் ஃபுல்லில்தான் வைப்பேன். 'ஆஃப்' என்பது வேறு கதை: மின்சாரம் போனால் கோப்பே சிதையலாம். மறுபடி உருவாக்கிக்கொள்ளக்கூடிய தற்காலிகத் தரவுக்கு மட்டும் அது.

16. பெயருக்கு யூனிக் போட்டிருக்கேன். அப்படியும் 'கொற்றவை' ரெண்டு தடவை பதிஞ்சிருக்கு. எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பார்த்துட்டேன், ஒரே பெயர்தான்.

கண்ணுக்கு ஒன்று, பைட்டுக்கு இரண்டு. 'கொ' என்பதை யூனிகோடில் இரு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது ககரத்தோடு ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வேறுபாடே தெரியாது. 'கோ', 'கௌ' ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். எஸ்க்யூலைட் பைட்டுகளை மட்டுமே ஒப்பிடும், எழுத்தின் உருவத்தை அறியாது. அதற்கு அவை இரண்டு வேறு பெயர்கள். தேடும்போது வராமல் போவதற்கும் இதுவே காரணம்.

எழுதும் முன் எல்லா உரையையும் என்எஃப்சி என்ற, ஒரே எழுத்தை ஒரே விதமாகக் குறிக்கும் யூனிகோடு வடிவுக்கு மாற்றுங்கள். பைதானில் 'யூனிகோட்டேட்டா' தொகுதியின் 'நார்மலைஸ்' அதைச் செய்யும். தேடும் சொல்லையும் அவ்வாறே மாற்ற வேண்டும். ஆனால் அது எல்லாவற்றையும் சரிசெய்யாது: ஒளவை என்று ஒகரமும் ளகரமும் சேர்த்துத் தட்டியதை ஔவை என்று மாற்றாது, ஒட்டி நகலெடுக்கும்போது கூடவே வரும் அகலமற்ற, கண்ணுக்குத் தெரியாத குறிகளையும் நீக்காது. அவற்றுக்கு உங்கள் தரவைப் பார்த்து நீங்களே விதி எழுத வேண்டும். தமிழ்ப் பெயர்களைச் சேமிக்கும் எந்தச் செயலியிலும் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். லட்சம் வரிசை சேர்ந்தபின் செய்வது மிகுந்த வேதனை.

17. 'டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்டு'. இனி அவ்வளவுதானா?

11ஆம் எண் பிழை. பதறி எதையும் ஓட்டாதீர்கள். நிரலை நிறுத்துங்கள். முதன்மைக் கோப்பு, வால் அல்லது ஜர்னல் கோப்பு எல்லாவற்றையும் சேர்த்து அப்படியே வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். இனி செய்வதெல்லாம் அந்த நகலில்தான். 'இன்டெக்ரிட்டி_செக்' ஓட்டிப் பாருங்கள். கெட்டது இன்டெக்ஸ் மட்டும் என்றால் 'ரீஇன்டெக்ஸ்' போதும். அதற்குமேல் என்றால் கட்டளைவரிக் கருவியில் உள்ள 'ரிகவர்' கட்டளை, எஞ்சியிருக்கும் பக்கங்களிலிருந்து எடுக்க முடிந்த வரிசைகளைப் புதிய கோப்புக்குத் தரும்.

ஏன் கெட்டது என்பதையும் கண்டுபிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரம் மறுபடி கெடும். துணைக் கோப்பை அழித்தது (8), ஃபோர்க் (12), சிங்க்ரனஸை அணைத்தது (15) ஆகியவற்றை முன்பே பார்த்தோம். பூட்டுகளைச் சரியாகக் கையாளாத நெட்வொர்க் கோப்புறை இன்னொரு காரணம். பலருக்குத் தெரியாதது ஒன்று: லினக்ஸ் போன்ற அமைப்புகளில் உங்கள் நிரலே அதே கோப்பைச் சாதாரணக் கோப்பாகத் திறந்து படித்துவிட்டு மூடினால், அந்தச் செயல்முறை அக்கோப்பின்மேல் வைத்திருந்த எஸ்க்யூலைட் பூட்டுகள் அனைத்தும் விழுந்துவிடும். நிரலுக்குள்ளேயே கோப்பை நகலெடுத்து பேக்கப் எடுக்கிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

18. அப்போ ஓடிக்கிட்டிருக்கும்போதே பேக்கப் எடுக்க வழியே இல்லையா?

இருக்கிறது, எஸ்க்யூலைட் வழியாகவே எடுக்க வேண்டும். ஒன்று, பேக்கப் ஏபிஐ. பைதானில் கனெக்‌ஷனுக்கே 'பேக்கப்' என்ற செயற்கூறு உண்டு. இன்னொன்று, 2019இல் 3.27.0 பதிப்பில் வந்த 'வேக்யூம் இன்டு'. அது ஒரே கணத்தின் முழுமையான நிலையைச் சுருக்கிப் புதிய கோப்பாக எழுதித் தரும். டெலீட் செய்தும் கோப்பின் அளவு குறையவில்லை என்று கேட்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அழித்த இடம் மறுபயனுக்காகக் கோப்புக்குள்ளேயே வைக்கப்படும். வேக்யூம் ஓட்டினால்தான் குறையும், அதற்குக் கோப்பின் அளவைப்போல் இரு மடங்கு வரை காலியிடம் தேவைப்படலாம்.

வெறும் நகலை நம்பி நான் ஒருமுறை இரண்டு நாள் பதிவுகளை இழந்திருக்கிறேன். நகலெடுத்த முதன்மைக் கோப்பு குறையில்லாமல் திறந்தது, சோதனையிலும் தேறியது. அந்த இரண்டு நாள் மட்டும் நகலெடுக்காமல் விட்ட வால் கோப்பில் இருந்தது. அன்றிலிருந்து, எடுத்த ஒவ்வொரு பேக்கப்பையும் வேறு கோப்புறையில் திறந்து, கடைசியாக எழுதிய வரிசையின் நேரத்தைப் பார்த்த பிறகே பழைய பேக்கப்பை அழிக்கிறேன்.